பதினோரு ஒன்றுகள்

காலையில் நடக்கப் போகும்போது நாம் முழங்காலைப் பற்றிப் பேசுகிறோம், சர்க்கரையைப் பற்றிப் பேசுகிறோம், மருமகள்களைப் பற்றியும் பேசுகிறோம். இதையெல்லாம் பேசி முடித்த பிறகும் பேசாத ஒன்று ஒவ்வொருவரிடமும் மிச்சம் இருக்கும். என்னிடம் இருப்பது ஓர் எண். ஆயிரத்து நூற்றுப் பதினோரு கோடியே பதினோரு லட்சத்துப் பதினோராயிரத்து நூற்றுப் பதினொன்று. எழுதிப் பார்த்தால் பதினோரு ஒன்றுகள் வரிசையாக நிற்கும். எட்டாம் வகுப்பில் அந்த எண்ணைப் பற்றி நான் ஒரு பொய் எழுதினேன். சின்னப் பொய் என்றுதான் ஐம்பது வருஷமாக நினைத்திருந்தேன். போன மாதம் பாடாலூர் போய்விட்டு வந்ததிலிருந்து ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. குக்கர் எத்தனை விசில் அடித்தது என்று தெரிவதில்லை. எழுந்து போய்த் தண்ணீர்க் குழாயை மூடுகிறேன்; அது ஏற்கெனவே மூடித்தான் இருக்கிறது. என் வயதுக்காரர்கள் நீங்கள் கேட்டால் ஒருவேளை கொஞ்சம் அடங்கும்.

எங்கள் ஊர் ஆண்டிமடத்துக்குப் பக்கம். செம்மண், முந்திரிக்காடு. எங்களுக்கும் ஒரு காடு இருந்தது. அதற்குக் காவல்காரர் ஒருவர். அவர் மகன் என் வகுப்பில் படித்தான். அவர்கள் குடியிருந்தது ஊருக்கு வெளியே இருந்த காலனியில். அவன் அம்மா கொட்டை உடைப்பவர். லீவு நாட்களில் அவனும் உடைப்பான். முந்திரிக்கொட்டைத் தோலில் ஒரு பால் இருக்கும், பட்டால் தோலைச் சுட்டுவிடும். அதனால் அவன் விரல்கள் எப்போதும் பழுப்பாக, உரிந்து இருக்கும். அவன் தொட்ட காகிதத்திலெல்லாம் அந்தப் பழுப்பு ஒட்டும்.

வகுப்பில் முதல் ரேங்க் நான். இரண்டாவதோ மூன்றாவதோ அவன். கணக்கில் மட்டும் அவன்தான் முதல். அது எனக்குப் பிடிக்காது.

கணக்கு சாருக்குப் பதினொரு மணிக்கு டீ குடித்தாக வேண்டும். நாங்கள் சத்தம் போடாமல் இருக்க ஏதாவது எழுதிப் போட்டுவிட்டுப் போவார். காலாண்டு லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்த வாரத்தில் ஒருநாள் ஒன்று ஒன்றாகக் கரும்பலகையில் எழுதினார். இரண்டு ஒன்று, மூன்று ஒன்று, நான்கு ஒன்று. ‘எது எதுல போகும்னு கண்டுபிடிங்க’ என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

விளையாட்டு மாதிரி இருந்தது. ஒன்றுகள் இரட்டைப்படையில் இருந்தால் பதினொன்றில் மீதியில்லாமல் போகும். மூன்று, ஆறு, ஒன்பது ஒன்றுகள் இருந்தால் மூன்றில் போகும். ஐந்து ஒன்றுகள் கொஞ்சம் முரண்டு பிடித்தன. நாற்பத்தொன்றில் போகும் என்று நான்தான் கண்டுபிடித்தேன். ஏழு ஒன்றுகளை யாராலும் அசைக்க முடியவில்லை. திங்கட்கிழமை காவல்காரர் மகன் ஒரு காலண்டர் தாளை நீட்டினான். இருநூற்று முப்பத்தொன்பது. பெருக்கிப் பார்த்தோம். இருநூற்று முப்பத்தொன்பதை நாலாயிரத்து அறுநூற்று நாற்பத்தொன்பதால் பெருக்கினால் ஏழு ஒன்றுகள், ஒன்று கூடாமல் குறையாமல் வந்தன. சார்கூடத் தலையை ஆட்டினார்.

‘பதினோரு ஒண்ணு எதுல போகும் சார்?’ என்று அவன் கேட்டான்.

‘அது போகாது. பகா எண்.’

‘எப்படி சார் தெரியும்?’

சாருக்கு முகம் மாறியது. ‘நான் சொல்றேன்ல. உங்கப்பன் மரத்துல இருக்கிற கொட்டைய எண்ணத் தெரியாம நிக்கிறான். நீ பதினோரு ஒண்ண வகுக்கப் போறியா? உக்காருடா.’

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன்.

அன்று மத்தியானம் கைபம்பு அருகே அவன் என்னிடம் வந்தான். அதுவரை தனியாகப் பேசியதில்லை.

‘அது போகும். எனக்குத் தோணுது. தனியா பார்த்தா ரொம்ப நாளாவும். நீ பாதி பார்க்கறியா?’

ஏன் சரி என்று சொன்னேன்? சிரித்ததற்காக இருக்கலாம். அவன் மட்டும் கண்டுபிடித்துவிடக் கூடாது என்பதற்காகவும் இருக்கலாம். இரண்டாவதுதான் உண்மை என்று இப்போது தோன்றுகிறது.

பங்கு பிரித்துக்கொண்டோம். இரட்டை எண்களும் ஐந்தில் முடிபவையும் வேண்டாம். மூன்றில் போகிறவையும் வேண்டாம். மூன்றிலும் ஏழிலும் முடியும் எண்கள் அவனுக்கு. ஒன்றிலும் ஒன்பதிலும் முடிபவை எனக்கு. வர்க்கமூலம் போட்டுப் பார்த்து, ஒரு லட்சத்து ஐயாயிரத்துச் சொச்சம் வரை பார்த்தால் போதும் என்று அவன் சொன்னான். போதுமாம்! நாளைக்கு இருபது வகுத்தல் என்று வைத்துக்கொண்டோம்.

எங்கள் வகுப்பில் ஆணும் பெண்ணும் பேசிக்கொண்டால் மறுநாள் சுவரில் கரியால் பெயர் எழுதிவிடுவார்கள். அதனால் சீட்டு. வகுப்புச் சுவரில் துணி ஒட்டிய இந்தியப் படம் ஒன்று சுருட்டித் தொங்கும். லீடர் என்பதால் அதை விரிப்பதும் சுருட்டுவதும் என் வேலை. சுருளுக்குள் அவன் சீட்டை வைப்பான், நான் எடுப்பேன். நான் வைப்பேன், அவன் எடுப்பான். ‘இன்னிக்கு இருபது பார்த்தேன். ஒண்ணும் போகல.’ ‘ஆறாயிரம் தாண்டிட்டேன். நீ?’ இவ்வளவுதான் இருக்கும்.

ஐப்பசி மழை வந்தது, நின்றது. மார்கழியில் அரையாண்டுப் பரீட்சை வந்தது. வகுத்தேன். வகுத்தேன். காலண்டர் தாளின் பின்பக்கம், பஞ்சாங்கத்தின் ஓரம், மளிகைப் பொட்டலம் கட்டிவந்த காகிதம் எல்லாவற்றிலும் பதினோரு ஒன்றுகள். சாப்பிடும்போது விரல் தட்டில் எண் போட்டுக்கொண்டிருக்கும். பதினொரு இலக்கத்தை ஐந்து இலக்கத்தால் வகுக்க வேண்டும். ஒன்றுக்கு ஐந்து நிமிஷம் ஆகும். முடிவில் மீதி வரும். எப்போதும் மீதி வரும். எரிச்சலாக இருக்கும், ஆனால் விடவும் முடியாது. தை பிறந்து முந்திரி பூத்தபோது அந்தப் புளித்த இனிப்பு வாசனை ஊர் முழுக்க நின்றது. எனக்கு அலுத்துவிட்டது. இருபது பத்தானது. பத்து மூன்றானது. பதினாறாயிரத்து நூற்று முப்பத்தொன்பதோடு நின்றுவிட்டேன். பத்து நாள் சீட்டே வைக்கவில்லை.

அப்போது அவனிடமிருந்து ஒரு சீட்டு வந்தது.

‘இருபத்திரண்டுல நிக்கிறேன். நீ வந்ததும் சேர்ந்து போகலாம். சீக்கிரம் வா.’

ஆயிரத்தை விட்டுவிட்டு எழுதுவது எங்கள் வழக்கம். இருபத்திரண்டாயிரம் வரை அவன் முடித்துவிட்டான், எனக்காக நிற்கிறான். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. காவல்காரர் மகன் எனக்காக நிற்பதா? அன்று சாயங்காலமே ஒரு தாளைக் கிழித்து எழுதினேன்: ‘நானும் இருபத்திரண்டுக்கு வந்துட்டேன். வழியில ஒண்ணும் போகல.’

பதினாறிலிருந்து இருபத்திரண்டு வரை ஒரு வகுத்தல்கூடப் போடவில்லை. மறுநாள் அந்தச் சீட்டைப் படச் சுருளுக்குள் வைத்தேன். அவன் எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பி ஒரு சிரிப்புச் சிரித்தான். அந்த வருஷத்தில் அவன் சிரித்து நான் பார்த்தது அது ஒன்றுதான்.

அவன் எழுதிய சீட்டை நான் கிழித்துப் போட்டிருக்க வேண்டும். சமூக அறிவியல் புத்தகத்தில் வைத்து மறந்துவிட்டேன். நாலு நாள் கழித்து, அட்டை போடுவதற்காகப் புத்தகத்தை எடுத்த சித்தப்பா கையில் அது சிக்கியது.

எங்கள் ஊருக்கு வருகிற டவுன் பஸ்ஸின் எண் இருபத்திரண்டு.

சித்தப்பா சீட்டை மூன்று தடவை படித்தார். ‘பஸ்ஸுல நிக்கிறானாம். இவ வந்ததும் சேர்ந்து போகலாமாம். யாருடி இவன்?’ என்றார். காகிதத்தில் ஒட்டியிருந்த பழுப்பைப் பார்த்தார். யாரென்று நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ‘நீன்னு எழுதியிருக்கான் பாருண்ணே’ என்று அப்பாவிடம் நீட்டினார். இருபத்திரண்டைவிட அந்த ‘நீ’தான் அப்பாவை அதிகமாகச் சுட்டது.

‘கணக்குப்பா’ என்றேன்.

‘கணக்குல எங்கடி வருது, சேர்ந்து போகலாம்னு?’

சித்தப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு சார் வீட்டுக்குப் போனார். அரை மணியில் திரும்பிவிட்டார். ‘அப்படி ஒரு கணக்கே நான் குடுக்கலைன்னு சார் சொல்லிட்டாரு.’ ஒரு விதத்தில் அது உண்மைதான். போகாது என்று சொல்லி உட்கார வைத்தாரே தவிர, பதினோரு ஒன்றை வகுக்கச் சொல்லி அவர் கொடுக்கவில்லை. இன்னும் ஒரு வாக்கியம் சேர்த்துச் சொல்லியிருந்தால் டீக்கடைக்குப் போன கதையும் வெளியே வந்திருக்கும் என்று பயந்தாரோ என்னவோ. அவரும் பிள்ளைக்குட்டிக்காரர்.

காவல்காரரைக் கூப்பிட்டுவிட்டார்கள். மகனையும் கூட்டிக்கொண்டு வந்தார். வெயில் தாழ்ந்த நேரம். அவர்கள் எங்கள் வாசலுக்கு இந்தப் பக்கம் வரவில்லை, வேலியோரம் நின்றார்கள். அப்பா கை ஓங்கவில்லை. ‘ஓம் புள்ளைய நீயே கேளு’ என்று மட்டும் சொன்னார். காவல்காரர் சீட்டைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. பிறகு வேலியில் இருந்த முந்திரிக் கிளையை ஒடித்தார்.

நான் ஜன்னலில் நின்றேன்.

‘கணக்குங்க! சத்தியமா கணக்குங்க!’ என்று அவன் கத்தினான். ‘என் தாள நம்பலைன்னா அவங்ககிட்ட கேளுங்க! அவங்ககிட்டயும் தாள் இருக்கு!’

அப்பா திரும்பி ஜன்னலைப் பார்த்தார். ‘என்னடி? தாள் இருந்தா கொண்டா.’

தாள் இருந்தது. டிரங்குப் பெட்டியில், என் பாவாடைகளுக்கு அடியில், ஒரு சாண் உயரத்துக்கு இருந்தது. நாலு எட்டு நடந்தால் எடுத்துவந்திருக்கலாம். யாரும் என்னைப் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. ஆனால் எடுத்துவந்தால் அவனும் பார்ப்பான். கடைசித் தாளில் பதினாறாயிரத்து நூற்று முப்பத்தொன்பது என்று இருக்கும். நான் இருபத்திரண்டுக்கு வரவேயில்லை என்று தெரிந்துவிடும். கண்முன்னால் அவன் அடி வாங்குகிறான். எனக்கு இதுதான் வெட்கமாக இருந்தது.

‘இல்லை’ என்றேன்.

எத்தனை அடி என்று தெரியாது. கிளை முறிந்தது தெரியும். பூங்கொத்தோடு முறிந்து மண்ணில் கிடந்தது. காவல்காரர் அழுதுகொண்டே மகனை இழுத்துப் போனார்.

மறுநாள் அம்மா வெந்நீர் அடுப்பு மூட்டும்போது தாள்களை எல்லாம் கொண்டுபோய் வைத்தேன். அம்மா ஒரு தாளை எடுத்துப் பார்த்தார். அம்மாவுக்கு எண் தெரியும்.

‘கணக்குதானே இது?’

‘ஆமாம்மா.’

‘நேத்தே ஏன்டி காட்டல?’

அம்மா என்னையும் தாளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ‘இனிமே காட்டி என்ன ஆவப்போவுது. ஆம்பளைங்க வாய்க்குள்ள திரும்பப் போவுமா பேச்சு’ என்று சொல்லி அடுப்பில் தள்ளினார். அம்மாவும் அப்பாவிடம் சொல்லவில்லை.

அவன் அதற்கப்புறம் பள்ளிக்கூடம் வரவில்லை. பாடாலூரில் அவனுடைய மாமன் பஞ்சர் கடை வைத்திருந்தார், அங்கே அனுப்பிவிட்டார்கள் என்று பிள்ளைகள் பேசிக்கொண்டார்கள். என்னையும் அந்த வருஷம் நிறுத்திவிட்டார்கள். அடுத்த ஜூனில் பெரம்பலூரில் அத்தை வீட்டுக்கு அனுப்பிப் படிக்க வைத்தார்கள். நான் பட்ட தண்டனை அவ்வளவுதான். படித்தேன். பெரம்பலூரிலேயே டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை கிடைத்தது. நாளெல்லாம் எண்களோடு இருந்தேன். ‘நம்பர் ப்ளீஸ்’ என்று சொல்லிச் சொல்லியே முப்பது வருஷம் போனது. ஒருநாள்கூட அந்த விட்ட இடத்திலிருந்து வகுத்துப் பார்க்கவில்லை. கை போகவில்லை.

பொங்கலுக்கு மகள் வந்திருந்தாள். அவளுக்குக் கம்ப்யூட்டர் வேலை. ஏதோ பேச்சில் அந்த எண்ணைச் சொன்னேன்; கதையைச் சொல்லவில்லை, எண்ணை மட்டும் சொன்னேன். போனில் தட்டினாள். நான் காபி டம்ளரைக் கீழே வைப்பதற்குள் வந்துவிட்டது.

‘போகுதும்மா. இருபத்தோராயிரத்து அறுநூத்தி நாப்பத்தொம்போது.’

‘கடைசி எண் என்ன?’

‘ஒம்போது. ஏன்?’

ஒன்பது. என் பங்கு. பதினாறுக்கும் இருபத்திரண்டுக்கும் நடுவில்.

‘இன்னொன்னும் போட்டிருக்கும்மா’ என்று அவள் படித்துக்கொண்டே போனாள். ‘பதினொன்னால வகுத்து மீதி ஒண்ணு வர்ற எண்தான் இதுக்குள்ள போகுமாம். மத்தத எல்லாம் பார்க்கவே வேணாமாம்.’ நாங்கள் போட்டதில் பத்தில் ஒன்பது பங்கு வீண் என்று அர்த்தம். அது எனக்கு வலிக்கவில்லை. எண்ணின் கடைசியில் இருந்த அந்த ஒன்பதுதான் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

அவன் இருக்கிறானா என்றுகூடத் தெரியாது. ஊரில் ஒரு கல்யாணத்தில் விசாரித்தேன். ‘இருக்காரே, பாடாலூர் ரோட்டுல பெரிய டயர் கடை’ என்றார்கள். மூன்று வாரம் போகலாமா வேண்டாமா என்று வீட்டுக்குள்ளேயே நடந்தேன். ஒரு வியாழக்கிழமை பஸ் ஏறிவிட்டேன்.

நெடுஞ்சாலையை ஒட்டிய கடை. டயர்கள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. ரப்பர் வாசனை. நாற்காலியில் நரைத்த ஆள் ஒருவர் உட்கார்ந்திருந்தார். விரல்களைப் பார்த்தேன், இப்போது பழுப்பு இல்லை, கருப்பு. நான் யார் என்று சொன்னேன். எழுந்து நின்றுவிட்டான்.

‘வாங்க, வாங்க. உக்காருங்க. தம்பி, டீ சொல்லு.’

நாற்பது வயது மதிக்கத்தக்க அவன் மகன் கையைத் துடைத்துக்கொண்டே வந்தான். ‘யாருப்பா?’

‘எங்கூட படிச்சவங்க.’

சீட்டில் ‘நீ’ என்று எழுதியவனின் ‘வாங்க’ என்னைக் கூசவைத்தது. உட்காராமலே சொன்னேன். பதினாறோடு நின்றது, இருபத்திரண்டு என்று எழுதியது, அன்றைக்குப் பெட்டியில் தாள் இருந்தது, இல்லை என்று சொன்னது. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். லாரிகள் சத்தத்தில் பாதி கேட்டிருக்காது என்று நினைத்தேன். எல்லாம் கேட்டிருக்கிறது. அடியைப் பற்றி அவன் எதுவும் கேட்கவில்லை.

‘எந்த எண்ணு?’ என்றான்.

சொன்னேன். டயரில் ஓட்டை இருக்கும் இடத்தைக் குறிக்கிற சாக்கட்டியை எடுத்தான். போனில் காட்டுகிறேன் என்றேன். வேண்டாம் என்று கையைக் காட்டினான். சிமெண்ட் தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பதினோரு ஒன்றுகளை எழுதினான். மெதுவாக வகுத்தான். ஒவ்வொரு படியிலும் நிறுத்திச் சரிபார்த்தான்.

‘அப்பா, லாரி நிக்குது’ என்றான் மகன்.

‘நிக்கட்டும்.’

கடைசியில் பூஜ்யம் வந்தது. சாக்கட்டி அங்கேயே நின்றது. பிறகு தரையைப் பார்த்தபடியே பேசினான்.

‘இங்க வந்தும் நான் விடலங்க. இருபத்திரண்டுக்கு மேல உங்க பங்கையும் சேர்த்து நானே பார்த்தேன். பஞ்சர் ஒட்டிட்டு, ஒட்டிட்டு. ஒரு லட்சத்து அஞ்சாயிரம் வரைக்கும். ஆறு வருஷம். ஒண்ணும் போகல. சார் சொன்னதுதான் சரி, நமக்குத்தான் புத்தியில்லன்னு விட்டுட்டேன். பத்தாவது பரீட்சை தனியா எழுதலாம்னு விண்ணப்பப் பாரம் வாங்கி வச்சிருந்தேன். அதையும் கிழிச்சுட்டேன்.’

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவன் மகனைக் காட்டினான்.

‘இவன் எட்டாவது படிக்கறப்ப கணக்கு டீச்சர் இந்தக் கடைக்கே வந்தாங்க. பையன் நல்லா போடறான், நிறுத்திடாதீங்கன்னாங்க. நான்தான் கேக்கல. நம்ம வம்சத்துக்குக் கணக்கெல்லாம் எங்க வரும், எனக்கே வரல, தொழிலப் பாருடான்னு உக்கார வச்சேன்.’

மகன் டீயோடு நின்றுகொண்டிருந்தான். தரையில் இருந்த கணக்கைப் பார்த்தான், அப்பாவைப் பார்த்தான், அப்புறம் என்னைப் பார்த்தான். டீயை என் கையில் கொடுத்துவிட்டு ஜாக்கியை எடுத்துக்கொண்டு லாரிக்கு அடியில் போய்விட்டான்.

டீ சூடாக இருந்தது. குடித்தேன். வேறென்ன செய்ய? மன்னிப்பு என்ற சொல்லை வழியெல்லாம் தயாராக வைத்திருந்தேன். யாரிடம் கேட்பது, எத்தனை பேரிடம் கேட்பது என்று தெரியவில்லை.

பெரம்பலூர் பஸ் வந்தது. ரோட்டைத் தாண்ட அவனே கூட வந்தான். கையைக் காட்டி லாரிகளை நிறுத்தி, ‘பார்த்து வாங்க’ என்றான். படியில் ஏறித் திரும்பி, ‘போயிட்டு வரேன்’ என்றேன்.

‘போயிட்டு வாங்க’ என்று சொல்ல நம் ஊரில் யாரும் யோசிப்பதில்லை. வாசலுக்கு வந்த அந்நியருக்குக்கூடச் சொல்வோம்.

அவன் யோசித்தான்.

‘சரிங்க’ என்றான்.